பூக்காத தாமரை! படர்தாமரையை விரட்டுவது எப்படி?

தாமரை என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனால், ஒரு தாமரையை மட்டும் யாருக்கும் பிடிப்பதில்லை. அது குளத்தில் பூப்பது அல்ல, உடம்பில் படர்வது.

அதுதான் படர்தாமரை!

முதலில் மிளகு அளவுக்குச் சிவப்பாக ஒரு தடிப்பு தோன்றும். பிறகு ஒரு ரூபாய் நாணயம் அளவு ஆகும். அப்புறம் வளையல் அளவு ஆகிவிடும். நடுப்பகுதி ஆறியது போல இருக்கும். ஓரம் மட்டும் தடித்து, சிவந்து, செதில் செதிலாக உதிரும். அரிப்போ, சொல்லி முடியாது!

இரவில் தூக்கம் போய்விடும். நாலு பேர் நடுவில் உட்கார்ந்திருந்தாலும் கை தானாக அங்கே போகும். வெட்கப்பட்டுக்கொண்டு பலர் இதை வெளியே சொல்வதில்லை. நேராக மருந்துக் கடைக்குப் போகிறார்கள்.

"அரிப்புக்கு நல்ல மருந்தாக ஒன்று கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். கடையில் ஒரு டியூபை எடுத்துக் கொடுக்கிறார்கள்.

அன்று இரவே அரிப்பு அடங்கிவிடுகிறது. இரண்டு நாளில் சிவப்பும் மங்கிவிடுகிறது. "ஆகா! இதுவல்லவா மருந்து!" என்று மகிழ்ந்து போகிறார்கள்.

பூசுவதை நிறுத்துகிறார்கள். ஒரு வாரம் போகிறது. அரிப்பு திரும்பி வருகிறது. முன்பு இருந்தது ஒரு வளையம். இப்போது மூன்று வளையம்! போதாக்குறைக்கு மனைவிக்கும் வந்துவிட்டது. குழந்தைக்கும் வந்துவிட்டது.

மறுபடியும் அதே கடை. அதே டியூப். அதே கதை.

ஏன் இப்படி? டியூபுக்குள் என்ன மருந்து இருக்கிறது என்று பார்க்காமல் பூசியதுதான் காரணம்!

வண்டும் அல்ல, புழுவும் அல்ல!

படர்தாமரையை "வண்டுகடி" என்று சொல்பவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் இதற்கு "வளையப் புழு" என்று பொருள்படும் பெயர் இருக்கிறது. உண்மையில் இது வண்டு கடித்து வருவதும் அல்ல. புழுவால் வருவதும் அல்ல.

இது ஒரு வகைக் காளான். பூஞ்சைக் காளான் என்று சொல்வார்கள். பழைய ரொட்டியின் மேல் பச்சையாகப் படர்கிறதே, அதன் இனத்தைச் சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நூல் போலத் தோலுக்குள் படரும்.

தலையில் வரும் ஒரு வகைப் படைக்குக் காளான்தான் காரணம் என்று 1841-ம் ஆண்டில் பாரீஸ் நகரில் இருந்த டேவிட் குரூபி என்ற டாக்டர் எடுத்துக் காட்டினார். அவர் ஹங்கேரி நாட்டில் பிறந்தவர்.

இந்தக் காளானுக்கு உணவு என்ன தெரியுமா? நம் தோல்தான்!

தோலின் மேல் அடுக்கிலும், முடியிலும், நகத்திலும் "கெரட்டின்" என்ற பொருள் இருக்கிறது. அதைத் தின்று காளான் வளர்கிறது. தின்றபடியே வெளிப்பக்கமாகப் படர்ந்து போகிறது. அதனால்தான் நடுவில் ஆறியது போலவும், ஓரத்தில் புதிதாகவும் தெரிகிறது. வளையம் உண்டாவது இப்படித்தான்.

ஈரமும், வெப்பமும், வியர்வையும் அதற்கு மிகவும் பிடிக்கும். ஆகவே தொடை இடுக்கு, அக்குள், இடுப்பில் உடை இறுக்கும் இடம் ஆகியவற்றில் முதலில் குடியேறும். கால் விரல் இடுக்கில் வந்தால் அதைச் சேற்றுப்புண் என்கிறோம்.

காவல்காரனைத் தூங்க வைக்கும் மருந்து

சரி, அந்த டியூபில் என்னதான் இருந்தது?

கடையில் கேட்டு வாங்கும் பல களிம்புகளில் ஒரே டியூபில் மூன்று, நான்கு மருந்துகள் கலந்திருக்கும். காளானைக் கொல்ல ஒன்று. பாக்டீரியாவைக் கொல்ல ஒன்று. இவற்றோடு ஸ்டீராய்டும் இருக்கும். ஆபத்து இந்த ஸ்டீராய்டில்தான் இருக்கிறது!

உடம்புக்குள் கிருமி நுழைந்தால், உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடும். அந்தச் சண்டையினால்தான் சிவப்பும், தடிப்பும், அரிப்பும் உண்டாகின்றன. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. அரிப்பு உடனே நிற்கிறது. ஆனால் காளான் சாவதில்லை!

வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டான். காவல்காரன் கூச்சல் போடுகிறான். "சத்தம் தாங்கவில்லை" என்று காவல்காரனுக்குத் தூக்க மருந்து கொடுத்தால் என்ன ஆகும்? சத்தம் நிற்கும். வீடு கொள்ளை போகும்! தோலில் நடப்பதும் அதேதான்.

இப்படிப் பல மாதம் பூசினால் வளையத்தின் உருவமே மாறிவிடும். டாக்டரே பார்த்தாலும் இது படர்தாமரைதானா என்று உடனே கண்டுபிடிக்க முடியாதபடி ஆகிவிடும். தோல் மெலிந்துபோகும். தொடையிலும் அக்குளிலும் பிரசவத் தழும்பு போல வரிவரியான கோடுகள் விழும். அந்தக் கோடுகள் பிறகு முழுவதும் மறைவதில்லை. முகத்தில் பூசினால் பருவும், சிவப்பும், வேண்டாத முடியும் உண்டாகும்.

ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று நினைத்துவிடக் கூடாது. கரப்பான் போன்ற வேறு தோல் நோய்களுக்கு அது நல்ல மருந்து. டாக்டர் சொன்ன இடத்தில், சொன்ன அளவு, சொன்ன நாள் பூசலாம். படர்தாமரைக்கு நாமாக வாங்கிப் பூசுவதுதான் தவறு.

டியூபைத் திருப்பிப் பாருங்கள்!

இந்தத் தொல்லை நாடு முழுவதும் பெருகியதால் அரசாங்கம் நடவடிக்கை எடுத்தது. தோலில் பூசும் 14 வகை ஸ்டீராய்டு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ம் ஆண்டு மார்ச் மாதம் உத்தரவு வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் மாதம் 328 கூட்டு மருந்துகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. அவற்றில் தோலுக்குப் பூசும் சில களிம்புகளும் இருந்தன.

ஆனாலும், "போன தடவை வாங்கியதையே கொடுங்கள்" என்று கேட்டு வாங்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஆகவே, வாங்குகிறவர்தான் உஷாராக இருக்க வேண்டும்.

டியூபில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. சிறிய எழுத்தில் உள்ளே இருக்கும் மருந்துகளின் பெயர் போட்டிருக்கும். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம்.

குளோட்ரிமசோல், மைக்கோனசோல், கீட்டோகோனசோல், லுலிகோனசோல், டெர்பினஃபைன் என்ற பெயர்களில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால் அது காளானைக் கொல்லும் மருந்து.

அதோடு பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளூசினோலோன், மோமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று சேர்ந்திருந்தால், அது ஸ்டீராய்டு கலந்த மருந்து. வாங்காதீர்கள்!

ஏற்கெனவே பல நாள் பூசிவிட்டவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. பழைய டியூபையும் கையோடு எடுத்துச் சென்று காட்ட வேண்டும்.

2 பெண்களும் ஒரு பிடி மண்ணும்

காளானைக் கொல்லும் மருந்து எளிதில் கிடைத்துவிடவில்லை.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விட்ஃபீல்டு என்ற லண்டன் டாக்டரின் களிம்பு பிரபலமாக இருந்தது. பென்சாயிக் அமிலமும், சாலிசிலிக் அமிலமும் கலந்த களிம்பு அது. தோலின் மேல் அடுக்கை உரித்து, அதோடு காளானையும் போக்கும்.

பிறகு பெனிசிலின் வந்தது. அது பாக்டீரியாவைக் கொன்றது. காளானை ஒன்றும் செய்யவில்லை.

அப்போது அமெரிக்காவில் 2 பெண்கள் இந்த வேலையில் இறங்கினார்கள். ஒருவர் எலிசபெத் ஹேசன். நியூயார்க் நகரில் கிருமிகளை ஆராய்ந்தவர். இன்னொருவர் ரேச்சல் பிரவுன். ஆல்பனி நகரில் ரசாயன ஆராய்ச்சி செய்தவர். இரண்டு ஊருக்கும் இடையே ஏறத்தாழ 240 கிலோ மீட்டர் தூரம்.

ஹேசன் பல இடங்களில் இருந்து மண்ணை வரவழைத்தார். அதில் உள்ள நுண்ணுயிர்களை வளர்த்து, தபாலில் ஆல்பனிக்கு அனுப்புவார். பிரவுன் அவற்றில் இருந்து மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்து, தபாலிலேயே திருப்பி அனுப்புவார். வெர்ஜீனியா மாநிலத்தில் ஹேசனுடைய நண்பர்களின் பண்ணையில் எடுத்த மண்ணில் அதிர்ஷ்டம் இருந்தது. 1950-ம் ஆண்டில் புதிய மருந்து பிறந்தது. அவர்கள் வேலை பார்த்த நியூயார்க் மாநிலத்தின் பெயரையே சேர்த்து, "நிஸ்டாட்டின்" என்று பெயர் வைத்தார்கள்.

அந்த மருந்தினால் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் உரிமைப் பணம் வந்தது. இருவரும் அதைத் தங்களுக்கு என்று வைத்துக்கொள்ளவில்லை. விஞ்ஞான ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டார்கள்!

குழந்தைகளின் வாயில் வரும் வெண்புண், தோல் மடிப்புகளில் வரும் சிவந்த புண் ஆகியவற்றுக்குக் காரணமான "கேண்டிடா" என்ற காளானை நிஸ்டாட்டின் கொல்லும். ஆனால் படர்தாமரைக்கு அது கேட்காது. காளானுக்குக் காளான் மருந்து வேறு!

படர்தாமரைக்கான நல்ல களிம்புகள் பின்னால் வந்தன. 1970-களில் குளோட்ரிமசோலும், மைக்கோனசோலும் பரவின. 1990-களில் டெர்பினஃபைன் வந்தது.

இவை எப்படி வேலை செய்கின்றன? காளானின் உயிரணுவைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. வீட்டுக்குச் சுவர் போல. அந்தச் சுவரைக் கட்ட "எர்கோஸ்டெரால்" என்ற பொருள் வேண்டும். இந்த மருந்துகள் அந்தப் பொருள் உண்டாகாமல் தடுத்துவிடும். சுவர் இடிந்துவிழும். காளான் சாகும். மனிதனின் உயிரணுவில் எர்கோஸ்டெரால் கிடையாது. அதனால் நம் தோலுக்குப் பெரிய கெடுதல் இல்லை.

பூட்டை மாற்றிய காளான்

ஆனால் காளானும் சும்மா இருக்கவில்லை!

2020-ம் ஆண்டில் ஜப்பான் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு புதிய வகைக் காளானுக்குப் பெயர் வைத்தார்கள். "டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே" என்பது அதன் பெயர். அதில் இந்தியாவின் பெயரும் ஒட்டிக்கொண்டுவிட்டது! இந்தியாவில் வேகமாகப் பரவிய வகை அது.

அதில் பல, டெர்பினஃபைன் மருந்துக்குக் கட்டுப்படுவதில்லை. மருந்து என்பது சாவி என்றால், காளான் தன் பூட்டையே மாற்றிக்கொண்டுவிட்டது.

இன்று பல நாடுகளில் இந்தக் காளான் இருக்கிறது. 2023-ம் ஆண்டில் நியூயார்க் நகரில் 2 பெண்களிடம் இதைக் கண்டுபிடித்து, அமெரிக்க அரசாங்கமே எச்சரிக்கை செய்தது. அவர்களில் ஒருவர் வெளிநாட்டுக்கே போகாதவர்!

ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைக் கண்டபடி பூசியதும், மருந்தைப் பாதியில் நிறுத்தியதும் இந்தக் காளான் பெருக வழி செய்தன என்று தோல் டாக்டர்கள் கருதுகிறார்கள். ஆகவே, சரியான மருந்தைச் சரியாகப் பூசுவது இப்போது முன்னைவிட முக்கியம்.

மறக்கக் கூடாத 4 "இரண்டு"

எப்படிப் பூசுவது? 4 "இரண்டு"களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

முதல் இரண்டு: ஒரு நாளைக்கு 2 வேளை. காலையில் குளித்து, ஈரம் போகத் துடைத்தபின் ஒரு வேளை. இரவு படுக்கும் முன் ஒரு வேளை. (சில களிம்புகளை ஒரு வேளை பூசினால் போதும். டாக்டர் சொன்னபடி செய்யவேண்டும்.)

இரண்டாவது இரண்டு: வளையத்துக்கு வெளியே 2 சென்டி மீட்டர். அதாவது, கட்டைவிரல் அகலம். கண்ணுக்குத் தெரியும் ஓரத்தையும் தாண்டிக் காளான் போயிருக்கும். வெளியே இருந்து ஆரம்பித்து, உள்பக்கமாகப் பூசி வரவேண்டும்.

மூன்றாவது இரண்டு: மறைந்த பிறகும் 2 வாரம். இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அரிப்பு நின்றதும் டியூபைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். தோலின் மேல் அடுக்கு உதிர்ந்து புதிதாக வர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அதற்குள் ஒளிந்திருக்கும் காளான் மறுபடி தலைதூக்கும். தோல் பழையபடி ஆன பிறகும் 2 வாரம் விடாமல் பூசவேண்டும்.

நான்காவது இரண்டு: ஒரு விரல் நுனி மருந்து, 2 உள்ளங்கை இடத்துக்கு. ஆள்காட்டி விரலின் நுனியில் இருந்து முதல் கோடு வரை களிம்பைப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம் வரும். விரல்களையும் சேர்த்து 2 உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். அப்பம் போல அப்பவும் வேண்டாம், கஞ்சத்தனமும் வேண்டாம்.

பூசிய பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்காதீர்கள்!

ஒருவருக்கு மட்டும் வைத்தியம் போதாது!

வீட்டில் நாலு பேருக்குப் படர்தாமரை இருக்கிறது. ஒருவர் மட்டும் மருந்து பூசுகிறார். என்ன பயன்? அவருக்குக் குணமானதும் மற்றவரிடம் இருந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

இருக்கிற எல்லோரும் ஒரே சமயத்தில் வைத்தியம் செய்துகொள்ள வேண்டும்.

துண்டு, சோப்பு, சீப்பு, போர்வை, உள்ளாடை எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். உதிர்ந்த தோல் செதிலில் காளான் பல மாதம் உயிரோடு இருக்கும். ஆகவே, நோய் உள்ளவரின் துணியைத் தனியாக வெந்நீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். ஈரத் துணியை உடுத்தவே கூடாது. இறுக்கமான ஜீன்சுக்குப் பதில் தளர்ந்த பருத்தி உடை நல்லது.

வீட்டு நாய்க்கும் பூனைக்கும் முடி வட்டமாகக் கொட்டியிருந்தால் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். அவற்றிடம் இருந்தும் இது குழந்தைகளுக்கு ஒட்டும்.

சீமை அகத்தி இலையைப் படர்தாமரைக்கு அரைத்துப் பூசுவது பழைய வழக்கம். அதற்கு "வண்டுகொல்லி" என்ற பெயரே உண்டு. இலையின் சாற்றுக்குக் காளானை அடக்கும் குணம் இருப்பது ஆராய்ச்சிக்கூடத்தில் தெரிந்திருக்கிறது. ஆனால் முற்றிப் படர்ந்துவிட்ட நோய்க்கு அதையே நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. பூண்டு, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் ஆகியவற்றைத் தேய்ப்பது மிகத் தவறு. தோல் வெந்து புண்ணாகிவிடும்.

களிம்பு போதாத இடங்கள்

தலையிலும் நகத்திலும் வந்தால் களிம்பு மட்டும் போதாது. முடியின் வேருக்கும், நகத்தின் அடிக்கும் அது சரியாக இறங்காது. பல வாரம் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். உடம்பில் பல இடத்தில் படர்ந்திருந்தாலும் மாத்திரை தேவைப்படலாம். டாக்டரைக் கேட்காமல் மாத்திரை சாப்பிடக் கூடாது. கர்ப்பிணிகளும், ஈரல் கோளாறு உள்ளவர்களும் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

அடிக்கடி திரும்பத் திரும்ப வந்தால் ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறதா என்று பரிசோதித்துப் பார்ப்பது நல்லது. நீரிழிவு உள்ளவர்களைக் காளான் எளிதில் பிடிக்கும்.

மார்பிலும் முதுகிலும் வெளிறிப்போய்த் திட்டுத் திட்டாக வரும் தேமலும் ஒரு காளானால் வருவதுதான். ஆனால் அது மற்றவர்களுக்கு ஒட்டாது. மருந்தினால் காளான் போனபிறகும், தோல் பழைய நிறத்துக்கு வரச் சில மாதம் ஆகலாம். மருந்து கேட்கவில்லை என்று பயப்பட வேண்டாம்.

இன்னொரு தேமல் இருக்கிறது. தொட்டால் உணர்ச்சி தெரியாது. அரிக்காது. அதில் களிம்பைப் பூசிக்கொண்டு காலம் கடத்தக் கூடாது. தொழுநோயாக இருக்கலாம். அதற்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவச மருந்து உண்டு. சீக்கிரம் போனால் ஊனம் வராமல் தப்பலாம்.

வீட்டில் எல்லோருக்கும் இரவில் அரிப்பு, விரல் இடுக்கில் சிறு சிறு கொப்புளம் என்றால் அது சிரங்காக இருக்கலாம். சிரங்கு ஒரு நுண்ணிய பூச்சியால் வருவது. காளான் மருந்து அதற்குக் கேட்காது.

சந்தேகம் இருந்தால் டாக்டர் தோலின் ஓரத்தை லேசாகச் சுரண்டி எடுப்பார். அதில் ஒரு சொட்டு ரசாயனத்தை விட்டு, பூதக்கண்ணாடிக் கருவியில் பார்ப்பார். நூல் நூலாகத் தெரிந்தால் காளான்தான்! வலி கிடையாது. பெரிய செலவும் கிடையாது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் தோல் நோய்க்கு என்றே தனிப் பிரிவு இருக்கிறது.

படர்தாமரை வருவது பாவமும் அல்ல, அவமானமும் அல்ல. வெயிலிலும் வியர்வையிலும் உழைக்கிற யாருக்கும் வரலாம். மறைப்பதால்தான் அது படருகிறது.

ஒரே நாளில் அரிப்பை நிறுத்தும் டியூபைத் தேடாதீர்கள். ஒரு மாதம் பொறுமையாகப் பூசுங்கள்.

தாமரை குளத்திலேயே இருக்கட்டும்!